கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவர்

(நாட்றாம்பாளையத்தில் பள்ளி ஆசிரியர்களும் ஊர் இளைஞர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக உங்கள் ஊரைத் தொட்டு ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலை இது. சனி, ஞாயிறுகளில் இந்தச் சாலையில் எத்தனை வண்டிகள் போகின்றன என்பதை நீங்கள் வாரந்தோறும் பார்க்கிறீர்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் குடும்பங்கள், பெங்களூருவிலிருந்து வரும் இளைஞர்கள், பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் என்று எல்லோரும் அருவியைப் பார்க்கத்தான் போகிறார்கள். வழியில் தேநீர் குடிக்க இறங்கும் இடத்தில், புளியமரத்தடியிலோ வயல் வரப்பிலோ ஒரு கல் நிற்கும். அதில் வில் பிடித்த ஒரு மனிதன் இருப்பான். இறங்கியவர் அதன்மேல் கை ஊன்றி நின்று தேநீரைக் குடித்துவிட்டு வண்டி ஏறிவிடுவார். அது என்ன கல் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், சூளகிரி என்று நம் வட்டாரம் முழுவதும், ஊருக்காக விழுந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் பரவிக் கிடக்கின்றன. சுவரும் கூரையும் இல்லாமல், நுழைவுச்சீட்டும் காவலாளியும் இல்லாமல், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விரித்து வைத்திருக்கும் கண்காட்சி இது. காட்சிப் பொருள் இருக்கிறது, பார்வையாளரும் இருக்கிறார். நடுவில் நின்று பேச ஓர் ஆள்தான் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் ஆவது எப்படி என்பதே இன்றைக்கு என் பேச்சு.

திறந்தவெளியில் பொருளை வைத்து மக்களுக்கு விளக்கும் வழக்கம் உலகில் எங்கெங்கோ இருக்கிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீடுகள் மட்டும் போதாது என்று அந்தந்தப் பகுதியின் உடையணிந்து பேசவும் தொழில் செய்து காட்டவும் ஆட்களையும் அமர்த்தினார். நம் நாட்டில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவும் இந்த வழியில் வந்ததுதான். தென்மாநிலங்களின் பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்து, அங்கே கொண்டுபோய் மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம், குயவர் சக்கரத்தில் கை வைக்கலாம்.

இவையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவை. நம் நடுகற்களிலும் பாதுகாப்புக்காக இடம் பெயர்ந்தவை உண்டு. கிருஷ்ணகிரியில் 1993இல் அமைந்த அரசு அருங்காட்சியகத்திலும், தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் மிகப் பல கற்கள் இன்றும் தங்கள் ஊரில், தங்கள் மண்ணில்தான் நிற்கின்றன. மாடு மேய்ந்த காடு கல்லுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. வீரன் காத்த ஊர் எதிரே இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குள்ளும் கொண்டுபோக முடியாதது இந்தச் சூழல். அதனால் இங்கே வழிகாட்டுகிறவருக்குப் பொறுப்பும் கூடுதல்.

நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால் வருகிறவர்களுக்குக் கல்லைக் காட்டத் தொடங்கியபோது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. கங்கர், நுளம்பர், பல்லவர், சோழர், ஒய்சாளர், விஜயநகரம் என்று வரிசையாகச் சொல்வேன். ஆட்சியாண்டு சொல்வேன், எழுத்தின் வகை சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் சில வந்திருந்தன. நான் கால் மணி நேரம் பேசினேன். குழந்தைகள் ஓடிவிட்டார்கள். பெண்கள் நிழல் தேடிப் போய்விட்டார்கள். ஆண்கள் மரியாதைக்காக நின்றிருந்தார்கள். முடித்ததும் ஒருவர் கேட்டார்: "சார், செத்தவரு குடும்பத்துக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?"

இயந்திரங்களுக்கு நடுவில் நாளைக் கழிக்கிறவர் கேட்ட கேள்வி அது. வேலையில் ஒருவர் விழுந்தால் வீட்டில் இருப்பவர் கதி என்ன என்பது அவருக்கு ஏட்டுச் செய்தி அல்ல. அவர் கேட்டதற்கு விடை இருக்கிறது. அதுவும் இந்தக் கற்களிலேயே இருக்கிறது. ஊருக்காக விழுந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்ப்பட்டி என்றும் எழுதினார்கள். நெய்த்தோர் என்பது இரத்தத்துக்குப் பழைய தமிழ்ச் சொல். நான் இதைச் சொன்னதும், கூட்டத்தில் கன்னடம் பேசும் ஒரு பெண்மணி, "நாங்க நெத்தருன்னு சொல்வோம்" என்றார். இன்னொருவர், "தெலுங்குல நெத்துரு" என்றார். கன்னடக் கல்வெட்டுகளிலும் இதே மானியம் நெத்தருகொடகெ என்ற பெயரில் வருகிறது. ஓடிப்போன குழந்தைகள் திரும்பி வந்தார்கள். நிழலுக்குப் போனவர்கள் வெயிலுக்கு வந்தார்கள். அடுத்த அரை மணி நேரம் அந்தக் கல்லை விட்டு யாரும் நகரவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். பார்க்க வருகிறவர் வெறும் பாத்திரமாக வருவதில்லை. தம் பிழைப்பையும் கவலையையும் மொழியையும் சுமந்துகொண்டு வருகிறார். கல்லில் அவருடையது ஏதோ ஒன்று இருக்கிறது. அதை அவரே கண்டெடுக்க இடம் விட்டு நிற்பதுதான் வழிகாட்டியின் வேலை. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிகளுக்காக ஃப்ரீமன் டில்டன் என்பவர் 1957இல் எழுதிய நூலும், பார்வையாளரின் வாழ்க்கையைத் தொடாத விளக்கம் பயன் தராது என்பதைத்தான் முதல் நெறியாக வைத்தது. எனக்கு அதை ஓசூர்த் தொழிலாளி ஒருவர் ஒரே கேள்வியில் சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட வரிசை மூன்று சொல்: கண், கதை, காலம்.

முதலில் கண். கல்லருகே போனதும் பேசாதீர்கள். பார்க்கவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இவர் இடக்கையில் என்ன இருக்கிறது? வலக்கையில்? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, எத்தனை? மாடு இருக்கிறதா? கால் எப்படி வைத்திருக்கிறார், நிற்கிறாரா, பாய்கிறாரா? எட்டு வயதுப் பிள்ளைகூட இவற்றுக்கு விடை சொல்லும். சொல்லும்போது அதன் விரல் கல்லை நோக்கி நீளும். அந்த விரல் நீண்ட பிறகுதான் உங்கள் பேச்சுக்கு வேலை.

பல்லவர் காலத்துப் பழைய கல்லில் பெரும்பாலும் ஒரே உருவம்தான் இருக்கும். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், பக்கவாட்டில் திரும்பிப் பாயும் நிலை. பக்கத்தில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். மேலே வட்டெழுத்தில் சில வரிகள் இருக்கும். பிற்காலத்துக் கல்லோ மூன்று அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் இருபுறமும் தாங்கி அவனை மேலே கொண்டுபோகிறார்கள். மேல் அடுக்கில் லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கிறான், எதிரே நந்தி. கீழிருந்து மேலே படிக்க வேண்டிய கதை அது. அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மீதியைப் பார்வையாளரே படித்துவிடுவார். ஒரு கை மட்டும் வளையலோடு மேலே உயர்ந்திருந்தால், கணவனோடு உயிர் விட்ட பெண்ணுக்கு நட்ட கல் அது. கன்னடத்தில் மாஸ்திகல்லு என்பார்கள். அந்தக் கல்லின் முன் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அந்த வழக்கத்தைப் பெருமையாகவும் பேச வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, கதை. பெரும்பாலான பழைய கற்களில் கதையின் அச்சாணி ஒரு சொல்: தொறு. தொறு என்றால் ஆநிரை, மாட்டு மந்தை. மேய்ச்சலையே நம்பிய நாட்டில் மாடுதான் செல்வம். இரவில் வந்து மந்தையை ஓட்டிப்போவார்கள், ஊர் இளைஞன் துரத்திப்போய் மீட்பான், அதில் விழுவான். அவன் பெயரும் ஊரும் மன்னனின் ஆட்சியாண்டும் கல்லில் ஏறும். இலக்கணம் இதில் கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் பிரித்தது. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகல்லிலேயே ஆகோள் என்ற சொல் இருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். இலக்கியத்தில் படித்த சொல் கல்லில் இருப்பதை மாணவர்கள் அங்கேதான் காண்கிறார்கள்.

குழந்தைகள் வந்திருந்தால் நான் எப்போதும் எடுத்தனூர்க் கல்லைச் சொல்வேன். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கியிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் இருந்தது என்று கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை அடுத்த கல்லுக்கு ஓடிப்போய், அங்கே நாய் இருக்கிறதா என்று தேடும். தேடத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு அப்புறம் வழிகாட்டி அதிகம் வேண்டியதில்லை.

மூன்றாவது, காலம். இது கடைசியில்தான் வர வேண்டும். வரும்போது வெறும் எண்ணாக வரக்கூடாது, வந்தவருக்குத் தெரிந்த ஒன்றில் கட்டிக் கொடுக்க வேண்டும். பெங்களூருவிலிருந்து வந்தவரா? அவருடைய நகரின் பெயர் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டு வீரக்கல். பெங்களூருச் சண்டையில் இறந்தவனைப் பற்றியது அது. உங்கள் ஊர்ப் பெயரையே ஒரு நடுகல்தான் காத்து வைத்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஓசூர் ஆலையில் இரும்போடு வேலை செய்கிறவரா? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 2021இல் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இதே மாவட்டத்தில் இரும்பைப் பயன்படுத்தியவர்களின் வழியில்தான் அவர் வேலை செய்கிறார். நம் மாவட்டத்திலேயே மல்லசந்திரத்துக் குன்றில் வரிசையாக நிற்கும் கல்திட்டைகளை, அதாவது பழங்கால ஈமச் சின்னங்களை, ஊரார் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்வார்கள். அந்தப் பெயர்களையும் பார்வையாளருக்குச் சொல்லுங்கள். ஆய்வாளர் வைத்த பெயரோடு ஊர் வைத்த பெயரும் சேர்ந்தால்தான் அந்த இடத்தின் வரலாறு முழுமை பெறும்.

இனி, திறந்தவெளிக்கே உரிய சில செய்திகள்.

முதலாவது வெளிச்சம். அருங்காட்சியகத்தில் விளக்கை விரும்பியபடி திருப்பலாம். நமக்கு விளக்கு சூரியன்தான். வெயில் நேர் எதிரே விழும்போது கல் தட்டையாகத் தெரியும், எழுத்து இருப்பதே தெரியாது. ஒளி கல்லின் முகத்தை உரசிச் சாய்வாக விழும்போது, ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கும், எழுத்து எழுந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு கல்லிலும் எந்த நேரத்தில் ஒளி அப்படி விழுகிறது என்று முன்பே பார்த்து வைத்து, அந்த நேரத்தில் ஆட்களைக் கூட்டிப்போங்கள். வேறு நேரத்தில் வந்துவிட்டால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து ஒளியைத் திருப்பிக் காட்டலாம்.

இரண்டாவது, கை. எழுத்து தெரியவில்லை என்று சாக்கட்டியைத் தேய்ப்பதும் மாவைப் பூசுவதும் எண்ணெய் தடவுவதும் கூடாது. கல்வெட்டு ஆய்வாளர்கள் நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். அந்த மைப்படியின் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போது, பார்வையாளர் தாமே ஓர் எழுத்தைக் கண்டுபிடிப்பார். தாமாகப் படித்த அந்த ஒற்றை எழுத்து, நீங்கள் படித்துக் காட்டும் பத்து வரியைவிட நாள்பட நினைவில் நிற்கும். கல்லின்மேல் சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் அடித்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அடித்தவர்கள் அழகுபடுத்தத்தான் நினைத்தார்கள். பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், அந்த எழுத்துகள் இன்றைக்கும் நமக்குக் கிடைத்திருக்கும்.

மூன்றாவது, வழிபாடு. நம் பகுதியில் நடுகல் பல இடங்களில் வேடியப்பன். மஞ்சள், குங்குமம், பூ, பொங்கல் எல்லாம் அவருக்கு உண்டு. வெளியூர்க்காரருக்கு அது சிற்பம், ஊராருக்கு அது சாமி. இரண்டும் உண்மைதான். வழிகாட்டுகிறவர் முதலில் ஊராரிடமும் பூசாரியிடமும் கேட்க வேண்டும். எதுவரை போகலாம், செருப்பை எங்கே விடுவது, படம் எடுக்கலாமா என்று தெரிந்துகொண்டு, வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தக் கல் இத்தனை நூற்றாண்டு நிமிர்ந்து நிற்பதற்குக் காரணமே இந்த வழிபாடுதான். அதைச் சாமி என்று நினைத்ததால்தான் யாரும் பெயர்த்தெடுத்து வாசற்படி ஆக்கவில்லை. இதையும் பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

நான்காவது, மொழி. ஒரே வீட்டில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் ஊர்கள் நம்முடையவை. இது நமக்கு வாய்த்த பெரிய வளம். தமிழில் நடுகல், கன்னடத்திலும் தெலுங்கிலும் வீரகல்லு. ஒய்சாள மன்னர் வீர ராமநாதன் நம் வட்டாரத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டபோது, கன்னட நாட்டு அரச குலத்தவரான அவர் தமிழிலும் கல்வெட்டு வெட்டினார். எல்லைக்கோடு பிற்காலத்தில் வந்தது. எனவே இது எங்கள் கல், அது உங்கள் கல் என்ற பேச்சைக் கல்லருகே எடுக்காதீர்கள். வந்தவர் மொழியில் மூன்று சொற்களாவது பேசுங்கள். ஓசூருக்கு இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களிடம் பேச மொழி போதாவிட்டால், வில்லையும் அம்பையும் மாட்டையும் விரலால் காட்டுங்கள். இந்தக் கல்லே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று உருவமாகச் செதுக்கியதுதானே.

ஐந்தாவது, பலகை. எல்லா நேரமும் நீங்கள் நிற்க முடியாது, ஒரு பலகை வேண்டியிருக்கும். அது நான்கைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். பள்ளிப் பிள்ளை அண்ணாந்து பார்க்காமல் படிக்கும் உயரத்தில் இருக்கட்டும். கல்லை மறைக்காமல் தள்ளி நிற்கட்டும். கல்லிலோ அதன் பக்கத்து மரத்திலோ ஆணி அடிக்க வேண்டாம். முதல் வரி எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லட்டும்: வீரனின் மார்பைப் பாருங்கள், மூன்று அம்புகள் தெரிகின்றனவா? அரசர் பெயர் கடைசி வரிக்குப் போகட்டும்.

ஆறாவது, காடு. உங்கள் ஊரைச் சூழ்ந்திருப்பது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய காடு. 2014இல் அறிவித்த அந்தச் சரணாலயம் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. யானைகள் நடக்கும் நிலம். காட்டுக்குள் நிற்கும் கல்லுக்கு வனத்துறை அனுமதியில்லாமல் யாரையும் அழைத்துப் போகாதீர்கள். சாலையோரக் கல்லாக இருந்தாலும் பொழுது சாயும் முன் எல்லோரையும் வண்டி ஏற்றிவிடுங்கள். தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, கழிப்பறை எங்கே என்பதைக் கதைக்கு முன்னால் சொல்லுங்கள். தாகத்தோடு நிற்பவர் காதில் எந்த வரலாறும் ஏறாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல்லில் இல்லாததைச் சொல்லாதீர்கள். கேட்பவர் முகம் மலர்வதைப் பார்த்ததும், கதையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமே என்று தோன்றும். இளவரசியையும் புதையலையும் சேர்க்கத் தோன்றும். புதையல் என்ற ஒரு சொல்லை நீங்கள் விளையாட்டாகச் சொன்னாலும், அடுத்த மாதம் யாரோ கடப்பாரையோடு வந்து அந்தக் கல்லின் அடியைத் தோண்டுவார்கள். கல்லைப் பற்றி ஊர்க் கதையும் இருக்கும், கல்லில் எழுத்தும் இருக்கும். ஊர் இப்படிச் சொல்கிறது, எழுத்து இப்படிச் சொல்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால், விசாரித்துச் சொல்கிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு, உண்மையாகவே விசாரியுங்கள். உயிர் கொடுத்தவனுக்கு நட்ட கல்லின் பக்கத்தில் நின்று பொய் பேசலாகாது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீடு திரும்பியதும் புத்தகத்தைத் தேட வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் போங்கள், ஒரு நாள் மாலையில் போங்கள். தொடாமல் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் நோட்டில் வரையுங்கள். பிறகு அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கும் பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கல்வெட்டு இருந்தால் ஆசிரியரிடம் சொல்லி, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகு, உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அந்தப் பிள்ளை எங்கே கேள்வி கேட்கிறது, எங்கே விலகி ஓடுகிறது என்று கவனியுங்கள். அந்தப் பிள்ளையை நிற்கவைக்க முடிந்தால், அருவிக்குப் போகும் எந்த வண்டியையும் உங்களால் நிறுத்த முடியும்.

அந்தக் கல்லை நட்டவர்கள் வழியோரமாகப் பார்த்து நட்டார்கள். போகிறவர் நின்று, பெயரைப் படித்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எழுத்து மாறிப்போனதால் அந்தப் பெயர் வாசிக்க ஆளில்லாமல் நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையில் ஒருவர் இறங்கி, அந்தக் கல்லின்மேல் கை வைக்கப் போகும்போது, "அண்ணா, கொஞ்சம் இப்படி வந்து பாருங்க, இவரு பேரு இதுல இருக்கு" என்று சொல்லுங்கள்.